கரட்டு இலைக் குற்றச்சாட்டும் கோத்தகிரிக் கணக்கும்

விவசாயி கரட்டு இலை, அதாவது முற்றிப்போன இலையும் காம்பும், பறிப்பதால்தான் நீலகிரித் தேயிலைக்கு விலை இல்லையாம். இந்தப் பேச்சு இப்போது கோத்தகிரி டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. பேசுகிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தேயிலை வாரியத்தின் பங்கீட்டில் விவசாயிக்கு 65, பேக்டரிக்கு 35. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். ஆக, இலைக்குக் கிலோ சுமார் 15 ரூபாய். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளினால் ஓர் ஆள் நாளுக்கு 25 கிலோ தேற்றுவதே பெரிது. அது 375 ரூபாய். கூலி 400 என்றாலே கைநஷ்டம். உரம், கவாத்து, வண்டி வாடகை எல்லாம் இன்னும் கணக்கில் வரவே இல்லை! கத்தரி போட்டால் அதே ஆள் 60 கிலோ வெட்டுவார். முற்றிய இலையும் காம்பும் கூடவே வரத்தான் செய்யும்.

ஆள் கிடைக்காமல் பறிப்பு தள்ளிப்போனால் இன்னும் மோசம். கொளுந்து சீசனில் 10, 12 நாளுக்கொரு சுற்று வர வேண்டும். 20 நாள் ஆனால் காம்பு நாராகிவிடும்.

நல்ல இலையும் சாக்கில் கெடும். இறுக்கி அமுக்கிக் கட்டி, வண்டிக்காக ரோட்டோரம் வெயிலில் போட்டால் உள்ளே சூடேறும். நடுவில் கை விட்டால் கதகதவென்று இருக்கும். இலை கசங்கிய இடமெல்லாம் சிவந்திருக்கும். பேக்டரியில் கழிவு போடுவார்கள், அதாவது எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அது நியாயம்தான். ஆனால் சாக்கைப் பிரிக்காமலே மழை ஈரம் என்று எல்லாருக்கும் ஒரே கழிவு போடுவது எந்த ஊர் நியாயம்?

என் சண்டை இங்கேதான். மாதவிலை மாவட்ட சராசரியை வைத்து வருகிறது. கிள்ளிப் பறித்தவருக்கும் வழித்து வெட்டியவருக்கும் ஏறக்குறைய அதே காசு. பிறகு யார் கிள்ளுவார்? இந்த மாத இலைக்கு அடுத்த மாதம்தான் பணம். அதுவரை மளிகைக்கடை நோட்டிலும் அடகுக்கடைச் சீட்டிலும் வீடு ஓடுகிறது. தாங்க முடியாதவர்கள் அரை ஏக்கரை காட்டேஜ் கட்ட விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்கள்.

எடை போடும் இடத்திலேயே தரம் பார்க்கலாம். சாக்கின் மேலிருந்து அள்ளாமல், நடுவிலிருந்து 100 கிராம் எடுங்கள். காம்பை ஒடித்துப் பாருங்கள்: பட்டென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்தால் முற்றல். இரண்டையும் பிரித்து நிறுத்து, இளசு எத்தனை கிராம் என்று ரசீதில் எழுதுங்கள். 60 கிராமுக்கு மேல் என்றால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடுதல் என்று பேக்டரி வாசலில் போர்டு வையுங்கள். கூலி கட்டுமானால் கத்தரியைத் தானே கீழே வைப்பார்கள்.