கோமகனின் சாட்சியம் மட்டும் போதுமாம்

"அந்தப் பெண்ணும் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஆங்கிலக் கவிஞர் பிரவுனிங்கின் கவிதையில் வரும் கோமகளைப் பற்றிப் பேச்சாளர் சொன்ன இந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் விழுந்தது. தட்டியவர்களில் நான்கு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். அன்று ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாட்களாக மனம் ஆறவில்லை.

பிரவுனிங் 1842இல் வெளியிட்ட அந்த 'மை லாஸ்ட் டச்சஸ்' (என் கடைசிக் கோமகள்) மொத்தமே 56 வரிகள். அத்தனையிலும் பேசுகிறவன் ஒரே ஆள், இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட கோமகன். அவன் மனைவியான கோமகளுக்கு ஒரு வரி கிடையாது. அவள் சுவரில் ஓவியமாக இருக்கிறாள். அதற்கும் ஒரு திரை; அதை விலக்குகிற உரிமையும் அவனுக்கு மட்டுமே. இப்படிப்பட்டவனின் பேச்சை நம்பி அவளுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதுகிறார் நம் பேச்சாளர்.

சரி, அவனே சாட்சியாக இருக்கட்டும். அவள் என்னதான் செய்துவிட்டாள்? மேற்கே வெயில் இறங்குவதைப் பார்த்து மகிழ்ந்தாள். யாரோ ஒருவன் தோட்டத்திலிருந்து செர்ரிக் கிளை ஒடித்துவந்து கொடுத்தான், முகம் மலர்ந்தாள். வெள்ளைக் கோவேறு கழுதையில் ஏறிச் சுற்றிவந்தாள், அதற்கும் மகிழ்ந்தாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அவ்வளவுதான். ரகசியக் காதலன் இல்லை, கடிதம் இல்லை. சிரித்தாள். அவன் கொடுத்த 900 ஆண்டுப் பழமையான குடும்பப் பெயரும் அந்தச் செர்ரிக் கிளையும் அவளுக்கு ஒன்றாகிவிட்டனவாம்!

பிடிக்கவில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை. சொன்னால் அவன் இறங்கிப்போனதாகிவிடுமாம். நேராக உத்தரவு போட்டான், சிரிப்பெல்லாம் நின்றது. இதை அவன் யாரிடம் சொல்கிறான் என்று பாருங்கள். அடுத்த பெண்ணுக்காக வரதட்சணை பேச வந்திருக்கும் தூதரிடம்! சொல்லி முடித்த கையோடு, கடற்குதிரையை அடக்கும் கடல் தெய்வம் நெப்டியூனின் வெண்கலச் சிலையையும் காட்டிப் பெருமைப்படுகிறான். இதற்குப் பேச்சாளர் வைத்த பெயர், "ஆழமான காதலில் பிறந்த பொறாமை".

"கொன்றதாக எங்கே இருக்கிறது? மடத்துக்கு அனுப்பியிருக்கலாம் என்று பிரவுனிங்கே சொன்னாரே" என்கிறார்கள். சொன்னார். அதற்கு முந்தைய பாதியில், அவளைக் கொல்லவே உத்தரவு என்றும் சொன்னார். அந்தப் பாதி மட்டும் உங்கள் காதில் விழாது.

இந்தக் கோமகளுக்கு மூலம் என்று கருதப்படும் நிஜ லுக்ரேசியா 13 வயதில் மணமாகி 16 வயதில் நோயில்தான் இறந்தாள், விஷம் என்பது வதந்தி என்று ஒருவர் உள்பெட்டியில் பாடம் எடுத்தார். இருக்கட்டும். அவள் கணவனான வரலாற்று அல்ஃபோன்சோவை விட்டுவிடுகிறேன். கவிதையில் பேசுகிறவனை விட முடியாது.

"அந்தக் காலம் அப்படி" என்பதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. விக்டோரியா காலத்து ஆண் ஒருவர்தானே இவனை இவ்வளவு துல்லியமாக எழுதிக் காட்டினார்? அந்தப் பிரவுனிங்கே 1846இல் கவிஞர் எலிசபெத் பாரெட்டை ரகசியமாகத்தான் மணக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் யாருமே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்றிருந்த அப்பா அவளுக்கு. அதன்பிறகு மகள் எழுதிய கடிதங்களை அந்த மனிதர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அதையும் பாசம் என்பீர்கள்.

என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லி எழுதவைத்த குறிப்பில் 'கோமகளின் விளையாட்டுப் புத்தி' என்று ஒரு பத்தி இருந்தது. நீல மையில் அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இதைச் சொல்வது கொன்றவன்தானே என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

சொந்த வாழ்க்கையைக் கவிதைக்குள் இழுக்காதே என்று எழுதப்போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கல்யாணமான புதிதில் பால்காரரிடம் சிரித்துப் பேசினாள் என்று என் அக்காவிடம் அத்தான் மூன்று நாள் பேசவில்லை. காரணமும் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடிக்க வேண்டுமாம். தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். "ஆசை அதிகம், அதனால்தான்" என்றார்கள் வீட்டில். நானும் சொன்னேன். எனக்கு அப்போது 17 வயது. அவர் கெட்டவர் இல்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை. இதை ஏன் இப்போதும் முந்திக்கொண்டு சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அத்தான் இறந்து ஆறு வருடமாகிறது. நேற்றிரவு வீடியோ அழைப்பில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தேன். அக்கா சட்டென்று முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.