காலை அளவு மட்டும் போதாது
வெறும் வயிற்றில் 110, 120 என்று வந்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வேறு பரிசோதனை தேவையில்லை என்று சர்க்கரை நோய் பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் என் அம்மாவுக்கு இரண்டு வருஷம் காலை அளவு அப்படித்தான் இருந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அப்புறம் கால் எரிச்சல் என்று போனபோதுதான் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள், 260! எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 8.1 சதவீதம். சர்க்கரை நோயுள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழேயும், சாப்பிட்ட பின் அளவு 180-க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பார்கள், வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து டாக்டர் இதை மாற்றிச் சொல்லலாம். காலை அளவு அந்த ஒரு நேரத்தைத்தான் காட்டும், எச்பிஏ1சி கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டும். மேலே கருத்துகளில் ஒருவர், அப்படியானால் எச்பிஏ1சி மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாதுங்க. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது, ரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அந்த எண்ணே தப்பாக வரலாம், அதோடு ஒரு நாளில் 60-க்கு இறங்கி 280-க்கு ஏறுகிறவருக்கும் சராசரி அழகாகத்தான் தெரியும். அம்மாவுக்கு இப்போது மூன்றையும் பார்க்கிறோம், கால் எரிச்சல்தான் இன்னும் முழுசாகப் போகவில்லை.