டேப்லெட் தூக்கி வந்தவன் பேசுகிறேன்

வியாழக்கிழமை கூட்டத்தில் அந்தப் பெரியவர் பேசிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "சிங்கப்பூர் போயிட்டு வந்தவனுங்க டேப்லெட்டைத் தூக்கிட்டு வந்து கம்பெனியைக் கெடுக்கறானுங்க." வெளிநாட்டிலிருந்து திரும்பி, தையல் கம்பெனியில் டேப்லெட் (கைக் கம்ப்யூட்டர்), பார்கோடு என்று கொண்டுவரும் என்னைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார். கைதட்டல் வேறு. முன்வரிசையில் இருந்த நானும் பாதி தட்டிவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது.

ஐயா, டேப்லெட் திருப்பூரிலேயே கிடைக்கிறது. அதற்காக யாரும் விமானம் ஏற வேண்டாம். சிங்கப்பூர் ஜுரோங்கில் ஸ்கேன் ஆகாமல் ஒரு பெட்டிகூட நகராத கிடங்கில் 11 வருஷம் சிஸ்டம் பார்த்தவன் நான். எங்கே சிக்கும், யார் முனகுவார்கள், எந்த வாரம் முதலாளிக்குக் கைவிடத் தோன்றும் என்று தெரியும். டெமோ காட்டிவிட்டுப் போகும் டீலருக்கு இது தெரியாது. திரும்பி வருகிறவன் கொண்டுவருவது அந்த அனுபவத்தைத்தான்.

இந்திய மென்பொருள் துறையின் தந்தை எனப்படும் எஃப்.சி. கோலியும் இப்படித் திரும்பி வந்தவர்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு 1951-ல் திரும்பி டாடா மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தார். மின்விநியோகத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். டி.சி.எஸ். எல்லாம் அதற்கப்புறம். அவர் 'கெடுத்த' மின்சாரத்தில்தான் பம்பாயில் விளக்கெரிந்தது.

கட்டிங் பண்டிலுக்கு (தைக்க வெட்டிக் கட்டிய துணிக்கட்டு) நான் பார்கோடு ஒட்டிய முதல் வாரம், பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், இருக்கும் ஒரு அக்கா சொன்னார்: "என் நோட்டுலயும் கணக்கு எழுதறேன் தம்பி. சனிக்கிழமை சம்பளத்துல ரெண்டும் ஒத்துப்போனா நம்பறேன்." ஒத்துப்போகவில்லை. ஒரு பண்டில் ஸ்கேன் ஆகாமல் போயிருந்தது. நோட்டுதான் சரி. அவர் முன்னாலேயே திருத்தினேன். மூன்றாவது சனிக்கிழமை நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கம்பெனி கெட்டது இப்படித்தான்.

'ஊரை விட்டே போகாதவர்களும் செய்கிறார்களே' என்பீர்கள். செய்கிறார்கள், சரி. 'ஆள் குறைப்பு வரும்' என்பீர்கள். எங்கள் லைனில் ஒரு டெய்லர்கூடப் போகவில்லை. மற்ற கம்பெனிகளுக்கு நான் பொறுப்பில்லை.

'அங்கே வேலை போச்சு, அதான் வந்துட்டான்' என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக வந்தேன். அங்கே வாங்கியதில் பாதிகூட இங்கே சம்பளம் இல்லை. இதையெல்லாம் முகநூலில் எழுத வைத்துவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் வலிக்கிறது. போகும்போது 'நாட்டை விட்டு ஓடறான்', வந்தால் 'சீன் போடறான்'. நடுக்கடலில் நிற்கவா?

அப்புறம், 'எவ்வளவு கமிஷன்' என்று இன்பாக்ஸில் கேட்கும் நண்பர்களுக்கு: கமிஷன் தரும் டீலர் இருந்தால் நம்பர் அனுப்புங்கள். ஸ்கேனருக்கு பேட்டரி போய்விட்டது, போன வாரம் என் கைக்காசில்தான் மாற்றினேன்.