பாதி மின்சாரம் சரி, பாதி தண்ணீர் எப்படி?

என் தங்கை வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். இப்போது உத்தராகண்டில், பித்தோராகட் பக்கம். லீவு கிடைத்த ஒரு நாளில் ஜூலாகாட் என்ற ஊருக்குப் போயிருக்கிறார். காளி ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் நேபாளம். பாஸ்போர்ட் எதுவும் கிடையாது, சந்தைக்குப் போகிற மாதிரி சனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு போய் வருகிறார்களாம். ராத்திரி போன் பண்ணினார்.

"மச்சான், இங்கயும் நம்ம ஊரு பஞ்சாயத்துதான் ஓடுது. அணை வந்தா இந்தக் கடைத்தெருவே முழுகிடுமாம். நேபாளம்தான் வேணும்னே இழுத்தடிக்குதுன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை கேட்டது, அந்த ஆற்றில் இந்தியாவும் நேபாளமும் சேர்ந்து கட்டத் திட்டமிட்டிருக்கும் பஞ்சேஸ்வர் அணையைப் பற்றி. போனில் பாதிதான் பேச முடிந்தது, மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஆறுதான். உத்தராகண்டில் காளி, நேபாளத்தில் மகாகாளி, உத்தரப் பிரதேச சமவெளியில் இறங்கினால் சாரதா. இரண்டு நாட்டுக்கும் எல்லையாகவே ஓடுவதால் அணையின் ஒரு தோள் இங்கே, ஒரு தோள் அங்கே. உயரம் 315 மீட்டர். நம் மேட்டூர் அணை 214 அடி, அதாவது 65 மீட்டர். மேட்டூரை ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அது. மின்சாரம் 4,800 மெகாவாட், கரைக்கு 2,400 என்று இரண்டு மின் நிலையம். கீழே ரூபாலிகாட்டில் இன்னொரு சின்ன அணை. அது எதற்கு என்று நம் ஒகேனக்கல் பரிசல்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். சாயந்திரம் ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில் மேல் அணையில் விசையாழிகளை ஓட்டினால் ஆறு திடீரென்று ஏறும், நிறுத்தினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்து நிதானமாக விடத்தான் கீழ் அணை.

இந்த அணைக்கான மகாகாளி ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் இடையே கையெழுத்தானது 1996 பிப்ரவரி 12. நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்தில் விரிவான திட்ட அறிக்கையை முடிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த ஆறு மாதம்தான் இன்னும் முடியவில்லை. 2014இல் இரு நாட்டுக்கும் பொதுவாக ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2016இல் வரைவு அறிக்கை வந்தது. அணை வரவில்லை.

ஏன்? மின்சாரத்தில் பெரிய சண்டை இல்லை. மீட்டர் வைத்து ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிடலாம். சிக்கல் தண்ணீரில். ஆற்று நீரில் இருவருக்கும் சம உரிமை, ஆனால் அவரவர் ஏற்கெனவே பயன்படுத்தும் நீருக்குப் பங்கம் வராமல் என்கிறது ஒப்பந்தம். இந்த 'ஆனால்' இருக்கிறதே, அதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே சமவெளியில் கீழ் சாரதா கால்வாயில் நாங்கள் எடுப்பதும் பழைய பயன்பாடுதான், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம் என்கிறது இந்தியா. அதைக் கழித்தால் எங்களுக்கு என்ன பாதி மிஞ்சும் என்கிறது நேபாளம். அதே ஆற்றில் இந்தியா கட்டிய டனக்பூர் தடுப்பணையிலிருந்து நேபாளத்துக்கு மழைக்காலத்தில் விநாடிக்கு 1,000 கன அடி, மற்ற காலத்தில் 300 கன அடி என்று சுத்தமாக எண் போட்டு எழுதியவர்கள், இந்தியாவின் பழைய பயன்பாடு எவ்வளவு என்று எண் போடாமல் விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஏனென்றால் 'பழைய பயன்பாடு' என்பது நம்முடைய வாதம். காவிரியில் நாம் வருஷக்கணக்காக நீதிமன்றத்தில் சொன்னதே அதுதான். டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகப் பாசனம் செய்கிறோம், மேலே புதிதாக ஒன்றைக் கட்டி அதைக் கெடுக்காதே என்பதுதானே? மேகதாதுவில் 67 டிஎம்சி அணைக்கும் 400 மெகாவாட் மின்சாரத்துக்கும் கர்நாடகம் திட்டம் போடும்போது நாம் எதிர்ப்பதும் அதே காரணத்தால்தான். அப்படியானால் சாரதாவில் நான் இந்தியா பக்கம்தானே நிற்க வேண்டும்?

நிற்கலாம். ஆனால் நான் தஞ்சாவூர்க்காரன் இல்லை, தர்மபுரிக்காரன். காவிரி எங்கள் மாவட்டத்தின் ஓரத்தில் பள்ளத்தில் ஓடுகிறது, நாங்கள் மேட்டில் இருக்கிறோம். ஆடியில் ஒகேனக்கல்லில் லட்சம் கன அடி போகும், டிவிக்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். அந்த நேரத்திலும் பென்னாகரம் பக்கம் ஏரி காய்ந்து கிடக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வரும்வரை ஆழ்துளைக் கிணற்றில் வந்த புளோரைடு தண்ணீரைத்தான் குடித்தோம். என் வயசுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும், எனக்கும் உண்டு. உபரி நீரையாவது மேலே ஏற்றி ஏரிகளுக்கு விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. ஆறு ஓடுவது ஓரிடம், விளைவது வேறிடம். அதனால் நேபாளத்து மேற்குக் கோடியில் இருக்கிறவன் பேசுவது எனக்குப் புரிகிறது.

அப்புறம் இன்னொன்று. காவிரியில் நம் வாதம் எடுபட்டதற்குக் காரணம் அதில் கணக்கு இருந்ததுதான். 1924 ஒப்பந்தத்தில் கணக்கு இருந்தது. 2018 தீர்ப்பில் 177.25 டிஎம்சி என்று எண் இருக்கிறது. அதை அளக்க பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. இன்றைக்கு எவ்வளவு வந்தது என்று மறுநாள் பேப்பரில் பார்த்துவிடலாம். இவ்வளவு இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் சண்டை. எண்ணே இல்லாத ஒப்பந்தத்தில் எப்படி இருக்கும்?

நேபாளத்துக்குப் பழைய காயமும் உண்டு. டனக்பூர் தடுப்பணைக்காக அவர்கள் மண்ணில் 577 மீட்டர் கரை கட்ட 1991இல் அவர்கள் அரசு ஒத்துக்கொண்டது, அதை வைத்து அங்கே அரசியலே ஆடிப்போனது. மகாகாளி ஒப்பந்தத்தை ஏற்றதில் வந்த பிளவு 1998இல் அவர்களின் பெரிய கம்யூனிஸ்ட் கட்சியையே இரண்டாக்கும் அளவுக்குப் போனது. அவர்கள் தயங்குவதை 'இழுத்தடிப்பு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கொலம்பியா ஆற்றில் கனடா மேலே அணை கட்டி வெள்ளத்தைத் தடுத்ததற்கு, கீழே இருக்கும் அமெரிக்கா 60 வருஷத்துக்குச் சேர்த்து 6 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. கீழே கூடுதலாகக் கிடைத்த மின்சாரத்திலும் கனடாவுக்குப் பாதி. கீழ்நாட்டுக்குக் கிடைக்கும் நன்மைக்கு மேல்நாட்டுக்கு விலை உண்டு என்று முதலிலேயே ஒத்துக்கொண்டார்கள். பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டிய இத்தாய்ப்பு அணை இதற்கு நேர் எதிர். 1973 ஒப்பந்தப்படி 14,000 மெகாவாட்டில் ஆளுக்குப் பாதி, ஆனால் பராகுவே பயன்படுத்தாததைப் பிரேசிலுக்குத்தான் விற்க வேண்டும். சின்ன நாடு பல வருஷம் மல்லுக்கட்டி, 2009இல்தான் அதற்கான தொகையை மூன்று மடங்காக்க முடிந்தது. பாதி என்று காகிதத்தில் எழுதினால் மட்டும் பாதி ஆகிவிடாது. (அந்த அணையில் ஒரு பேரருவியும் மூழ்கியது. 1982இல் கடைசியாகப் பார்க்கக் கூட்டம் போய், நடைபாலம் அறுந்து பலர் செத்தார்கள். ஒகேனக்கல்லிலும் மின் அணை கட்டலாம் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்ததை நினைத்தால் வயிறு கலங்குகிறது.)

ஆகவே மாப்பிள்ளை, என் பதில் இதுதான். முதலில் இந்தியா தன் பழைய பயன்பாட்டுக்கு எண் போடட்டும். கீழே வெள்ளம் குறைவதற்கும் கோடையில் கிடைக்கப்போகும் நீருக்கும் என்ன விலை என்று பேசட்டும். அதற்கெல்லாம் முன்னால், ஜூலாகாட் கடைத்தெருவில் இரண்டு கரையிலும் போய் உட்கார்ந்து கேட்கட்டும். இந்தியப் பக்கத்தில் 2017 ஆகஸ்டில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள், நல்ல மழைக்காலத்தில். மலைப்பாதை சரிந்து கிடக்கும் மாதத்தில் மலை கிராமத்துக்காரன் எப்படி வருவான்?

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார். அங்கே ஒரு டீக்கடைக்காரர், உங்க ஊரில் அணை கட்டினப்போ இடம் போனவங்களுக்கு என்ன கிடைச்சது என்று கேட்டாராம். மேட்டூர் அணை எழும்பியபோது, நாகமரைப் பக்கம் என் அம்மாவின் தாத்தா குடும்பம் மேட்டுக்கு ஏறியது. அம்மாவிடம் கேட்டேன்.

"பணம் எவ்ளோ குடுத்தாங்கன்னு யாருக்குடா தெரியும்? வண்டியில ஏத்திட்டு வந்தது அந்த உரலு ஒண்ணுதான். பெரிய மாமா வீட்டு வாசல்ல கெடக்குது பாரு."

போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன். டீக்கடைக்காரரிடம் காட்டச் சொல்லி.