போலோவுக்குச் சிலை வைத்தாயிற்று, குதிரைக்குப் புல் எங்கே?

2023 ஜனவரியில் இம்பாலை ஒட்டிய ஹெய்ங்காங்கில் சுமார் 120 அடி உயரச் சிலை ஒன்றை உள்துறை அமைச்சர் அமித் ஷா திறந்து வைத்தார். குதிரை மேலிருந்து மட்டையால் பந்தடிக்கும் ஆட்டமான போலோவின் வீரர், குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். இன்றைய போலோ மணிப்பூரில் பிறந்தது என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் ஏற்பாடு. சிலை மேல் எனக்குக் கோபம் இல்லை. குதிரைக்கும் போலோவுக்கும் காவல் தெய்வமான மார்ஜிங் சாமிக்கு மண் குதிரைகளைக் காணிக்கை வைக்கிற இடம் அது. அங்கே அப்படி ஒன்று நிற்பது பொருத்தம்தான். ஆனால் அந்தச் சிலைக்கு மாதிரியான உயிருள்ள குதிரையின் கதி என்ன என்று யாராவது கேட்டால்தான் பேச்சு குழறுகிறது.

2003 கால்நடைக் கணக்கெடுப்பில் மணிப்பூர் மட்டக்குதிரைகள் 1,898. 2012-இல் 1,101. ஒன்பது வருடத்தில் பத்துக்கு நாலு காணாமல் போயின. 2013-இல் மாநில அரசே இதை அழியும் நிலையில் உள்ள இனம் என்று அறிவித்தது. 2016-இல் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் வந்தது. அறிவிப்புக்கும் கொள்கைக்கும் நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம்?

ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்று புரியும். சகோல் காங்ஜெய் என்பது அங்கே அதன் பெயர். பக்கத்துக்கு ஏழு பேர். தலைப்பாகை கட்டி, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, வெறுங்காலோடு குதிரை ஏறுகிறார்கள். கெண்டைக்காலில் மட்டும் தடுப்புக் கட்டு. கோல் கம்பம் எதுவும் கிடையாது, எதிரணியின் எல்லைக்கோடு முழுக்கவே கோல்தான். நடுவர் மைதானத்தின் நடுவே பந்தை மேலே வீசுவார், ஆட்டம் தொடங்கிவிடும். பந்து மூங்கில் வேரில் செதுக்கியது, மட்டையின் கைப்பிடி பிரம்பு. பறந்து வரும் பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு குதிரையை விரட்டவும் அனுமதி உண்டு. கோடு தாண்ட மட்டும் மட்டையால் அடித்தாக வேண்டும்.

இம்பாலின் மாபல் காங்ஜெய்புங் மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். எனக்கு வீரர்களைவிடக் குதிரைகள்தான் கண்ணில் நின்றன. தோளுயரம் நாலடி இருந்தால் அதிகம். நெற்றி, கன்னம், விலா என்று எல்லாப் பக்கமும் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. அலங்காரம் என்று நினைத்தேன். பந்தும் மட்டையும் பட்டால் அடி தாங்குவதற்காம். சேணத்தின் இரு பக்கமும் காலை மறைக்கும் விரிந்த தோல் மடல்கள். முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென்று நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கம் பாய்கின்றன. அந்தக் குட்டை உடம்பில் அவ்வளவு தெம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அதே நகரத்தில், காய்கறிக் குப்பையைக் கிளறி, வாயில் பாலித்தீன் பையை வைத்துச் சவைத்துக்கொண்டிருந்த ஒரு மட்டக்குதிரையையும் பார்த்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்து அதை ஓரம் கட்டினார், அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் உலகத்துக்குப் போன கதையே கொஞ்சம் சோகமானது. 1819 முதல் 1826 வரை மணிப்பூர் பர்மியப் படைகளின் கையில் சிக்கிச் சின்னாபின்னமானது. தப்பித்த மக்கள் பக்கத்தில், இன்றைய அஸ்ஸாமில் இருக்கும் கச்சார் சமவெளியில் குடியேறினார்கள், குதிரையும் ஆட்டமும் கூடவே போயின. அங்கே அதைப் பார்த்து மயங்கியவர் ஜோசப் ஷெரர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1859-இல் சில்சாரில் ஒரு கிளப், 1862-இல் கல்கத்தாவில் ஒரு கிளப், பத்தே வருடத்துக்குள் இங்கிலாந்து. அகதிகள் கொண்டுவந்த ஆட்டம் சீமான்களின் ஆட்டம் ஆகிவிட்டது. ஏழு பேர் நாலு பேராகச் சுருங்கினார்கள், கோல் கம்பம் முளைத்தது, விதிப் புத்தகம் வந்தது. (ஈரான்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குதிரை மேலிருந்து பந்தடிப்பது உங்களிடம் மிகப் பழையது, இஸ்பஹான் சதுக்கத்தில் கல் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. நான் சொல்வது இன்று கிளப்புகளில் ஆடும் போலோவின் கதை.)

குதிரையைக் கழற்றிவிட்டது எப்போது என்பதும் எழுத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் இங்கிலாந்தில் போலோ குதிரைக்கு உயர வரம்பு உண்டு. 1876-இல் நாலடி எட்டு அங்குலம். 1896-இல் இரண்டு அங்குலம் கூட்டினார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு வரம்பையே தூக்கிவிட்டார்கள். அப்புறம் என்ன, பந்தயக் குதிரை ரத்தம் கலந்த ஐந்தடிக் குதிரைகள் மைதானத்தை எடுத்துக்கொண்டன. பெயருக்கு இன்னமும் ‘போலோ போனி’, அதாவது போலோ மட்டக்குதிரை என்கிறார்கள். மணிப்பூர்க் குதிரைக்குத் தன் சொந்த ஊரைத் தவிர வேறெங்கும் அந்த ஆட்டத்தில் இடமில்லாமல் போனது.

மறுமுனையில் அர்ஜென்டினா. போலோவின் இன்றைய தலைநகரம். அங்கே அடோல்ஃபோ காம்பியாசோ என்ற ஆட்டக்காரர், 2016-இல் புவெனஸ் ஐரிஸின் பலேர்மோ மைதானத்தில் நடந்த அர்ஜென்டினா ஓபன் இறுதிப் போட்டியில் குவார்த்தெத்தேரா என்ற ஒரே பெண் குதிரையின் ஆறு குளோன்களில் (ஆய்வகத்தில் உருவாக்கிய மரபணு நகல்களில்) மாறி மாறி ஏறி ஆடி ஜெயித்தார். ஒரு சுற்று ஏழு நிமிடம்தான், சுற்றுக்குச் சுற்று குதிரை மாற்ற வேண்டும், அதனால் நல்ல குதிரை ஒன்று கிடைத்தால் அதையே ஆறாக்கிவிடுகிறார்கள். நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. பணம் இருக்கிறது, செய்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் ஒரு குதிரைக்கு இவ்வளவு மெனக்கெடல், ஆட்டம் கிளம்பிய இடத்தில் குப்பைமேட்டில் பாலித்தீன்!

காரணம் மர்மம் ஒன்றும் இல்லை, மேய்ச்சல் நிலம் போய்விட்டது. மணிப்பூரில் குதிரையை எப்போதும் லாயத்தில் கட்டி வைப்பதில்லை. ஆட்டம் இல்லாத நாளில் அவிழ்த்து விடுவார்கள், அது ஈரநிலங்களில் மேய்ந்துகொள்ளும். லாம்பேல்பட் போன்ற இடங்கள் அதற்கென்றே இருந்தவை. இம்பால் வளர வளர அங்கெல்லாம் கட்டடங்கள் வந்தன. புல் இல்லாத குதிரை ரோட்டுக்கு வருகிறது. வண்டியில் அடிபடுகிறது, பிளாஸ்டிக் தின்று சாகிறது. வளர்ப்பவர் பணக்காரராக இருந்தால் வைக்கோலும் தவிடும் வாங்கிப் போடலாம். அங்கே குதிரை வைத்திருப்பவர் பெரும்பாலும் சாதாரணக் குடும்பம்.

‘போலோ பணக்காரன் விளையாட்டு, அதற்கு எதற்கு அரசுப் பணம்’ என்று கமெண்ட் வரும், தெரியும். ஜெய்ப்பூருக்கும் டெல்லிக்கும் அந்தப் பேச்சு சரி. இம்பாலில் அது செல்லாது. அங்கே விவசாயி வீட்டுப் பையன்கள் ஆடுகிறார்கள், பெண்கள் அணி கட்டி ஆடுகிறார்கள். அந்தப் பெண்களில் பலருக்குச் சொந்தக் குதிரை கிடையாது, இரவல் குதிரைதான். ஆர்வத்துக்கும் கூட்டத்துக்கும் குறைவில்லாத ஊரில் குறைவது குதிரை ஒன்றுதான்.

கிர்கிஸ்தானில் கோக் போரு ஆடுகிறார்கள், ஆட்டு உடலைக் குதிரை மேலிருந்து பிடுங்கிக் கோலில் போடும் முரட்டு ஆட்டம். அது நன்றாகவே நடக்கிறது, ஏனென்றால் அங்கே புல்வெளி இருக்கிறது, குதிரை இன்னும் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. அஜர்பைஜான் செய்ததையும் பாருங்கள். 2013-இல் யுனெஸ்கோவின் ‘அவசரமாகக் காக்க வேண்டியவை’ பட்டியலில் போலோ போலவே குதிரை மேலிருந்து பந்தடிக்கும் தங்கள் சோவ்கான் ஆட்டத்தைச் சேர்த்தபோது, அதற்குப் பயன்படும் உள்ளூர் இனமான கராபாக் குதிரையின் பெயரையும் தலைப்பிலேயே எழுதிக் கொடுத்தார்கள். குதிரையை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பாற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிலை திறந்த அதே 2023 மே மாதம் மணிப்பூர் இனக் கலவரத்தில் பற்றி எரியத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான மனிதர்கள் முகாம்களில் கிடக்கும்போது குதிரையைப் பற்றி என்ன பேச்சு என்று ஒருவர் கேட்டால் எனக்கு வாய் வராது. மனிதர்கள்தான் முதலில். ஆனால் புல்நிலம் போனது கலவரத்தால் இல்லை, அதற்கு முன் பல வருடங்கள் அமைதியாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் போனது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் ஈரநிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு என்று எழுதி வைத்து வேலி போடுங்கள். குதிரை வளர்க்கும் வீட்டுக்கு மாதாமாதம் தீவனப் பணம் கொடுங்கள். வெளிநாட்டு அணிகள் இம்பாலுக்கு ஆட வரும்போது ஏறுவது இந்த உள்ளூர்க் குதிரைகள் மேல்தான். ஒவ்வொரு போட்டியின் செலவுக் கணக்கிலும் குதிரை கொடுத்தவருக்கு ஒரு பங்கு இருக்கட்டும், விருந்துக்கும் பேனருக்கும் ஒதுக்குவதற்கு முன்னால்.