அஞ்சு நிமிச வேலையாம்!

யூடியூப்பில் பார்த்தால் மோட்டார் சைக்கிள் டயர் மாற்றுவது அஞ்சு நிமிச வேலை. அந்த மனுசனுக்கு வியர்ப்பதுகூட இல்லை. ஆடி மாதம் கச்சான் காற்று அனலாய் வீசும்போது மட்டக்களப்பு கல்லடியில் ஒரு முற்றத்தில் அவரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்!

பின்சில்லைக் கழற்றவே பாதி உயிர் போகிறது. கடற்கரை ஊர் இல்லையா, நட்டெல்லாம் உப்புக்காற்றில் துருவேறி அசைய மாட்டேன் என்கிறது. ஒருவழியாக அச்சை உருவினால், அதில் கோத்திருக்கும் புஷ் என்கிற சின்ன வளையம் உருண்டு மணலுக்குள் போய்விடுகிறது. கோழி கொத்திக்கொண்டு போனதா?

அப்புறம் அந்த டயர் விளிம்பு. ரிம்மோடு ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்கும். சவர்க்கார நுரை பூசி, ஒரு பக்கத்தை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கி, மறுபக்கம் லீவரைப் போட்டு நெம்ப வேண்டும். இதற்கு எத்தனை கை வேண்டும், சொல்லுங்கள்? புது டயரின் கடைசி நாலு விரற்கிடை உள்ளே போகிற நேரம் பார்த்து லீவர் டியூப்பைக் கடித்துவிடும். காற்றடித்தால் 'ஸ்ஸ்...'. மறுபடி எல்லாம் கழற்று!

போகிறவர் வருகிறவரெல்லாம் ஆலோசகர்கள். "ஏன் தம்பி, சந்தியில கடை இருக்கே?" இருக்கிறது ஐயா, நான் போகும் நாளில் மட்டும் பூட்டியிருக்கிறது!

இதற்குள் மச்சான் போன் எடுக்கிறான்: "உனக்குத்தான் இப்ப பழக்கமாச்சே, என்ட டயரையும் ஒருக்கா மாத்தித் தாவன்."