பனி போனது, பாசி போகவில்லை

பனிக்காலம் முடிந்ததும் எல்லோரும் வெயிலைப் பார்த்து மகிழ்கிறார்கள்; நான் வெயில் படாத பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன். பச்சைப் பாசி அங்கே பட்டா வாங்காத குறையாகக் குடியேறியிருக்கிறது. கூரை விளிம்பின் மழைநீர்க் குழாயில் கையை விட்டால், பழைய சருகெல்லாம் கறுப்புக் கூழாக வருகிறது. அந்த வாடை இரண்டு முறை குளித்தாலும் போவதில்லை.

தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரம் இருந்தால் பத்து நிமிட வேலை என்றார் ஒருவர். நம்பினேன். அழுக்கோடு பெயின்டும் உரிந்தது. ஜன்னல் இடுக்கு வழியே வரவேற்பறைக்கும் நீராட்டு விழா. கடைசியில் வாளியும் நீளப் பிரஷும்தான். சோப்பு நீரைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டுமாம், இல்லையென்றால் வழிந்த கோடுகள் அப்படியே தங்கிவிடும். (பாதிச் சுவர் முடிந்த பிறகுதான் இந்த ஞானம் வந்தது.)

நேற்று மாலை ஏணியை மடக்கினேன். இன்று காலை ஜன்னல் முழுக்க மஞ்சள் மகரந்தத் தூள்.